பூஜ்யம் வந்த வழி

அந்தமானில் மாயாபந்தரில் படகுத்துறைக்கு இறங்குகிற சரிவில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது தீவு நோய்ப் பதிவேட்டுப் பிரிவின் வடமண்டல அலுவலகம். அங்கே புள்ளிவிவர உதவியாளராக இருந்தவர் பன்னீர்செல்வம். எந்த நோயைப் பற்றிக் கேட்டு மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தாலும், அதன் பெயர் வாய்க்குள் நுழையாவிட்டால், 'நில்', அதாவது இல்லை, என்று ஒரு வரி தட்டி, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். இதுவரை யாரும் தப்பு என்று சொன்னதில்லை. போன வருஷம் 'நோய் குறைந்த மண்டலம்' என்று ஒரு பாராட்டுப் பத்திரம்கூட வந்தது. அதிகாரி ரவிச்சந்திரன் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்கு மேலே மாட்டியிருந்தார்.

ஜூன் மாதம் வந்த சுற்றறிக்கை ஜெயன்ட் செல் ஆர்ட்டிரைட்டிஸ் என்ற நோயைப் பற்றிக் கேட்டது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேருக்கு இது இருக்கிறது என்று மண்டலவாரியாகத் தெரிவிக்க வேண்டும். பின்னால் நாலு பக்க இணைப்பு.

"ஜெயன்ட்டா?" என்றார் ரவிச்சந்திரன். "ராட்சசனுக்கு வர்ற நோயா பன்னீர்?"

"வெள்ளைக்காரங்களுக்கு வர்றதா இருக்கும் சார்."

"அப்ப நமக்கு எதுக்கு? நில் போடுங்க."

நில் போட்டாயிற்று. இணைப்பை இரண்டு பேருமே புரட்டவில்லை.

அதே வாரம்தான் பன்னீர்செல்வத்தின் அக்கா அமிர்தவல்லி நிக்கோபாரில் உள்ள கட்சால் தீவிலிருந்து வந்து சேர்ந்தாள். அறுபத்தெட்டு வயது. பதினெட்டு வயதில் பெற்றோரோடு இலங்கையிலிருந்து வந்தவள், ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவள். ஒரு நாள்கூடத் தலைவலி என்று படுத்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. கப்பலில் போர்ட் பிளேர் வந்து, அங்கிருந்து நாள் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து, தம்பி வீட்டு வாசலில் பையை வைத்ததும் முதலில் சொன்னதே அதுதான்.

"செல்வம், நெத்திப்பொட்டுல ஆணி அடிக்கிற மாதிரி இருக்குடா."

"கப்பல் காத்துக்கா. ரெண்டு நாள்ல போயிரும்."

போகவில்லை. பன்னீர்செல்வத்தின் மனைவி வைஜெயந்தி எண்ணெய் தேய்த்துவிட உட்கார வைத்தாள். சீப்பு பட்டதும் அமிர்தவல்லி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா "க்யா ஹுவா?" என்று ஓடிவந்துவிட்டாள். அடுத்து சாப்பாட்டில் தகராறு. சப்பாத்தியை நாலு தடவை மெல்வதற்குள் தாடை அசந்து நின்றுவிடுகிறது, கொஞ்சம் ஓய்வு கொடுத்தால்தான் அடுத்த வாய்.

"வயசாச்சுல்ல, கஞ்சி குடிக்கா" என்றார் பன்னீர்செல்வம். அக்காவுக்கும் அவர் நில் போட்டுவிட்டார்.

மூன்று வாரம் கழித்து மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் மண்டலத்தில் மேற்படி நோய் பூஜ்யம் என்பது எந்த முறையில் கண்டறியப்பட்டது? மூன்று தினங்களுக்குள் விளக்கவும்.'

ரவிச்சந்திரனுக்கு வியர்த்தது. "என்னய்யா இது அநியாயமா இருக்கு? ஒண்ணுன்னா எப்படின்னு கேக்கலாம். பூஜ்யத்துக்கெல்லாமா முறை இருக்கும்?"

"விசாரிச்சோம்னு எழுதிடலாம் சார்."

"யாரை, என்னன்னு விசாரிச்சோம்? அதையும் கேப்பாங்களே. அந்த இணைப்புல ஏதாவது இருக்கும், பார்த்து நாலு வார்த்தை எடுத்துப் போடுங்க."

இப்படித்தான் பன்னீர்செல்வம் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு இணைப்பைப் படித்தார். பென்சிலை வைத்துக்கொண்டு வரி வரியாகக் கோடிட்டார். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலி, முக்கியமாக நெற்றிப்பொட்டில். தலை சீவும்போது வலி. மெல்லும்போது தாடை அசந்துபோதல். யாரோ தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்து எழுதியது மாதிரி இருந்தது அவருக்கு. நாலாவது வரியில் பென்சில் நின்றது. திடீரென்று பார்வை மங்கலாம், சிகிச்சை தாமதமானால் கண் நிரந்தரமாகப் போய்விடலாம், ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

கடிதத்தை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

அமிர்தவல்லி பின்கட்டில் மீன் அரிந்துகொண்டிருந்தாள், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து.

"அக்கா, கண்ணு நல்லா தெரியுதா?"

"இப்பதான் கேக்க வந்தியாக்கும். இடது கண்ணுல ரெண்டு தடவ திரை விழுந்து அஞ்சு நிமிசத்துல போயிருச்சு. இன்னிக்குக் காலைல விழுந்தது, கீழ்ப்பாதி மட்டும் இன்னும் விலகல."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா கப்பல் காத்தும்ப."

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரூபா வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அமிர்தவல்லியின் நெற்றிப்பொட்டில் விரலை வைத்ததுமே டாக்டரின் முகம் மாறியது. ரத்தக்குழாய் கயிறு மாதிரி தடித்துக் கிடந்தது. ரத்தம் எடுத்து அனுப்பினாள், ஆனால் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. அந்த நிமிஷமே ஸ்டீராய்டு மருந்தை ட்ரிப்பில் ஏற்றச் சொன்னாள்.

"போர்ட் பிளேர்ல இந்தக் குழாய்ல இருந்து ஒரு துண்டு எடுத்து நிச்சயப்படுத்திக்கலாம். அதுவரைக்கும் மருந்து நிக்கக் கூடாது. ஒரு வாரம் முன்னால வந்திருக்கலாமே அண்ணே?"



இரண்டாவது நாள் தலைவலி போன இடம் தெரியவில்லை. மூன்றாவது நாள் அமிர்தவல்லி பொரித்த மீன் கேட்டு வாங்கி முள்ளோடு மென்றாள். இடது கண்ணின் கீழ்ப்பாதி மட்டும் மங்கலாகவே நின்றுவிட்டது. மற்றதெல்லாம் தப்பியது.

டாக்டர் ரூபா சட்டப்படி நோய்ப் பதிவுப் படிவத்தை நிரப்பி அனுப்பினாள். அது நேராக ரவிச்சந்திரனின் மேஜைக்கு வந்தது.

"நில்லுல போட்ட கையெழுத்து இன்னும் காயல. அதுக்குள்ள உங்க வீட்லயே ஒண்ணு வச்சிருக்கீங்களே பன்னீர்! நம்ம மண்டலத்துல ஐம்பதைத் தாண்டினவங்களே கொஞ்சம்தான். ஒரு ஆள் சேர்ந்தாலே லட்சத்துக்கு இத்தனைன்னு கணக்கு எங்கேயோ போயிரும்." நெற்றியைத் தேய்த்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "அந்த அம்மாவோட ஆதார்ல எந்த ஊரு?"

"கட்சால் சார்."

"பிறகென்ன! தென்மண்டலத்து நோயாளி!"

உடனே தென்மண்டல அலுவலகம் இருந்த கார் நிக்கோபார் தீவுக்கு போன் போனது. தென்மண்டலத்தில் பன்னீர்செல்வத்தின் வேலையைப் பார்ப்பவர் பாலகுமார். அவரும் நில் அனுப்பியிருந்தார்.

"அரே சாப், ஆதார் எங்க இருந்தா என்ன? வலி எங்க ஆரம்பிச்சது, அதைச் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பன்னீர்செல்வம் உண்மையைச் சொன்னார். "கப்பல்ல."

கொஞ்ச நேரம் இரண்டு மண்டலங்களும் யோசித்தன. பிறகு பாலகுமார் கேட்டார்: "கப்பல் டென் டிகிரி சேனலைத் தாண்டினதுக்கு முன்னாலயா, பின்னாலயா? முன்னாலன்னா நிக்கோபார், எங்க கேஸ். பின்னாலன்னா அந்தமான், உங்க கேஸ்."

ரவிச்சந்திரன் இந்த நியாயத்தை ஒப்புக்கொண்டார். அன்று மாலையே இரண்டு ஆப்பிளை வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்து, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லணும். தலைவலி வந்தப்ப கப்பல் டென் டிகிரி சேனலைத் தாண்டிருச்சா?"

அமிர்தவல்லி அவரை நல்ல கண்ணால் ஏற இறங்கப் பார்த்தாள். "கப்பல் ஆடுச்சுங்க. நான் வாளியில தலைய விட்டு வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தேன். டிகிரியெல்லாம் பாக்கல."

பக்கத்துக் கட்டிலில் இருந்த நிக்கோபாரிப் பெண் போர்வைக்குள் சிரித்தாள். ரவிச்சந்திரன் ஆப்பிளை வைத்துவிட்டு எழுந்தார். சிகிச்சை கொடுத்த இடத்தில்தான் நோயாளியைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று விதி இருப்பதை டாக்டர் ரூபா அச்சடித்தே அனுப்பிவிட்டாள். வடமண்டலத்தின் பூஜ்யம் ஒன்றானது.

அவள் அதோடு நிற்கவில்லை. இணைப்பில் இருந்ததை இந்தியிலும் வங்காளத்திலும் தமிழிலும் எழுதி, புறநோயாளிச் சீட்டு கொடுக்கும் ஜன்னலில் ஒட்டினாள். இரண்டு மாதத்தில் இன்னும் இரண்டு பேர் அகப்பட்டார்கள். ஒருவர் ரிட்டையரான வனக்காவலர், சீக்கிரமே வந்ததால் தப்பினார். இன்னொருவர் நிதாய் பிஸ்வாஸ் என்ற வங்காளி விவசாயி. எழுபது வயது. தலைவலி ஜூனிலேயே தொடங்கியதாம், வலது கண் முழுசாகப் போன பிறகுதான் வந்தார்.

மேலிடத்திலிருந்து அடுத்த கடிதம் வந்தது. 'தங்கள் மண்டலத்தில் இந்நோய் குறுகிய காலத்தில் மூன்று மடங்கானதற்குக் காரணம் என்ன?'

"நீங்க அந்த இணைப்பைப் படிச்ச நாள்ல இருந்துதான் நோய் பரவ ஆரம்பிச்சது" என்றார் ரவிச்சந்திரன், மனம் நொந்து. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பன்னீர்செல்வம் ஒரு முழு மதியம் செலவழித்து பதில் எழுதினார். 'நோய் கூடவில்லை. முன்பும் இருந்தது. நாங்கள் பார்க்கவில்லை.' ரவிச்சந்திரன் படித்துப் பார்த்து மூன்று வரியையும் அடித்தார். 'பருவநிலை மாற்றம் காரணமாக இருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மேலிடம் திருப்தி அடைந்தது. அதைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடத்தப் போவதாகப் பதிலும் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அமிர்தவல்லி அந்த வங்காளியைப் பார்க்க வேண்டும் என்றாள். "ஒரே வியாதிக்காரங்க, ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்டா." பன்னீர்செல்வம் ஏதேதோ வேலை சொன்னார், அவள் ஏற்கெனவே மீனை வாழையிலையில் கட்டிவிட்டிருந்தாள்.

வயலை ஒட்டிய தகர வீட்டில் நிதாய் பிஸ்வாஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஸ்டீராய்டு மாத்திரையில் அவர் முகம் பூரி மாதிரி உப்பியிருந்தது. அமிர்தவல்லியின் முகமும் அப்படித்தான். உங்க முகமும் இப்படி ஆயிருச்சா என்று அவள் கட்சால் இந்தியில் ஆரம்பித்தாள்.

"தாதா, ஆப்கா பி முஹ் ஐசா ஹோ கயா?"

அவர் இருக்கிற ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். பிறகு கன்னத்தை ஊதிக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். சர்க்கரை ஏறியதா, பசி எப்படி எடுக்கிறது, எந்த மாத்திரை கசப்பு என்று பேச்சு நீண்டுகொண்டே போனது.

பன்னீர்செல்வத்துக்கும் உள்ளே ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். அவர் போய் உட்காரவில்லை. பிஸ்வாஸின் மனைவி கொண்டுவந்து கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்று குடித்தார்.