ஏழாவது தட்டு

றிகாஸ் பகலில் விளக்கு விற்பவன், இரவில் விளக்கைத் திட்டுபவன். புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் எல்.ஈ.டி. பல்புகளையும் கண்ணைக் கூச வைக்கும் ஃபோகஸ் லைட்டுகளையும் பெட்டி பெட்டியாக விற்றுவிட்டு, வெள்ளவத்தைக்கு பஸ் ஏறி வந்து, மொட்டைமாடியில் நின்று, "எந்தப் புண்ணியவான் இதெல்லாத்தையும் போட்டான்?" என்று பல்லைக் கடிப்பான்.

எல்லாம் கரீனாவால் வந்த வினை. கரீனா என்பது ஒரு நெபுலா. தெற்கு வானத்தில், நட்சத்திரங்கள் பிறக்கிற பிரமாண்டமான வாயுமேகம். கொழும்பு வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தொலைநோக்கியில் கமராவைப் பொருத்தி, இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாகப் படம் பிடித்து, ஐம்பது படங்களையாவது ஒன்றின் மேல் ஒன்றாகக் கணினியில் அடுக்கினால்தான் அதன் சிவப்பு வெளியே வரும். இரண்டு வருடமாக அந்த ஐம்பது படம் அவனுக்கு வாய்க்கவில்லை. ஒன்றில் மேகம், இல்லாவிட்டால் நிலா. நிலா இல்லாத இரவுதான் இதற்குத் தோது. இந்த நாடோ மாதம் தவறாமல் லீவு தருவது பௌர்ணமிக்கு! இருட்டு இரவுகளில் விடிந்தால் வேலை. லீவு இரவுகளில் தலைக்கு மேல் முழுநிலா. இதை யாரிடம் போய் முறையிடுவது?

இந்த வருடம் புதிதாக ஒரு எதிரியும் முளைத்திருந்தது. அடுத்த ஒழுங்கையில், வீட்டுக்கு நேர் தெற்கே, ஒரு அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. ஆறு கொங்கிறீட் தட்டுகள் போட்டாயிற்று. கரீனா ஆறாவது தட்டுக்கு ஒரு சாண் மேலாகத்தான் நகர்ந்து போகும். ஏழாவது விழுந்தால் கதை முடிந்தது. அது திங்கட்கிழமை காலை என்று காவல்காரன் சொல்லியிருந்தான். ஆக, மிச்சம் இருந்தது ஞாயிறு இரவு ஒன்றுதான். அது நோன்பின் இருபத்தொன்பதாம் நாள், பிறை பார்க்கிற நாள். நிலா வந்தாலும் உடனே மறைந்துவிடும்.

ஒரு படத்துக்காகவா இவ்வளவு பாடு என்று கேட்கலாம். றிகாஸ் கல்யாணம் முடித்து மூன்று வருடமாக மாமனார் பௌஸி ஹாஜியாரின் வீட்டில் இருக்கிறான். கட்டிலும் அவர்களுடையது, காற்றாடியும் அவர்களுடையது. யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, தங்கமான மனிதர்கள். அதனால்தான் அவனுக்கு இன்னும் கூச்சம். இது நான் செய்தது என்று சுவரில் மாட்ட அவனுக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

தொலைநோக்கி வானத்தோடு சேர்ந்து சுழல வேண்டும் என்றால் அதன் அச்சு துருவத்தைப் பார்த்து நிற்க வேண்டும். கொழும்பில் துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டிக் கிடக்கிறது; முன்னால் நாலு கட்டடம். அதனால் ஏதாவது ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, அது எந்தப் பக்கம் வழுக்குகிறது என்று பார்த்துப் பார்த்து, திருகியை மயிரளவு மயிரளவாகத் திருப்ப வேண்டும். நோன்பு சீசனுக்குக் கடை பூட்டப் பத்து மணியாகும். வீட்டுக்கு வந்து, மூன்று இரவு தூக்கம் கெட்டு, அந்த வேலையை முடித்து, பொலித்தீனால் மூடி வைத்திருந்தான்.

ஞாயிறு கடையில் சொல்லிவிட்டு நேரத்தோடு கிளம்பி, மாலை ஆறேகாலுக்குப் படியேறி வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். மொட்டைமாடியில் பதினைந்து பேர். தொலைநோக்கி மேற்குப் பக்கச் சுவரோரம், கடலைப் பார்த்து நின்றது.

"வாங்க மகன், வாங்க!" என்றார் பௌஸி ஹாஜியார், வாயெல்லாம் சிரிப்பாக. "நீங்க வர லேட்டாகும் எண்டு நாங்களே மிஷின கொணந்து வெச்சிட்டம். பெறை பாக்கத் தோதா."

"யார் மாமா தூக்கின?"

"நானும் கீழ்வீட்டு அஹ்ஸனும் தான். சரியான பாரம்! கீழ ஒரு திருகாணி தடுத்திச்சி. அதையும் கழட்டிட்டம்."

மூன்று இரவும் அந்தத் திருகாணியில்தான் இருந்தது. றிகாஸுக்குக் காது சூடானது. வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே கிழித்திருப்பான். மாமாவை என்ன சொல்வது? அதுவும் அவருடைய மொட்டைமாடியில், நோன்போடு?

கடலுக்கு மேலே மேகம் கட்டியாக நின்றது. குனிந்து பார்த்தவர்களுக்கெல்லாம் சாம்பல்தான் தெரிந்தது.

"மகன், இந்த மிஷினால மேகத்துக்கு அங்கால பாக்க ஏலாதா?"

"ஏலா மாமா."

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு பெருசா?"

எல்லாரும் சிரித்தார்கள். றிகாஸும் சிரித்து வைத்தான். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழமும் கஞ்சியும் கை மாறின. எட்டு மணி போல, வேறு ஊரில் பிறை கண்டார்கள், நாளைக்குப் பெருநாள் என்று போன்களில் செய்தி வந்தது. பள்ளிவாசலில் தக்பீர் முழக்கம் கேட்டது. சனம் ஆரவாரமாக இறங்கிப் போன பிறகு மேகமும் சாவகாசமாகக் கலைந்தது. ஒரு மணித்தியாலம் முந்திக் கலைந்தால் என்ன குறைந்துவிடும் அதற்கு?

அவன் தொலைநோக்கியைப் பழைய இடத்துக்கு இழுத்து வந்து, முதலிலிருந்து தொடங்கினான். நட்சத்திரம் வழுக்கியது, திருகினான், மற்றப் பக்கம் வழுக்கியது. மனைவி சஹ்லா மேலே வந்து, "பெருநாளைக்கு கோழி எடுக்கப் போகல்லயா?" என்று கேட்டாள்.

"மூணு ராத்திரி, சஹ்லா! ஒங்கட வாப்பா ஒரு நிமிஷத்துல நாசமாக்கிட்டாரு. அதுக்குள்ள அந்த லைட் வேற!"

அடுக்குமாடியின் உச்சியில் ஒரு ஃபோகஸ் லைட் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு நிறுத்தச் சொல்லி அவன் காலையிலேயே காவல்காரனிடம் கெஞ்சியிருந்தான். "பே அய்யே," முடியாது அண்ணே, சேர் ஏசுவார் என்று அவன் கையை விரித்துவிட்டான். போதாக்குறைக்கு, அந்த லைட் றிகாஸின் கடையில் வாங்கியது. பெட்டியைக் கட்டிக் கொடுத்ததே அவன்தான்.

சஹ்லா இறங்கிப் போனாள். அவளிடம் எரிந்து விழுந்தது அவனுக்கே கேவலமாக இருந்தது.

பத்து மணிக்கு நட்சத்திரம் ஒருவழியாக அசையாமல் நின்றது. தொலைநோக்கியைத் தெற்கே திருப்பினான். அந்த நேரம் பார்த்து ஃபோகஸ் லைட் பொட்டென்று அணைந்தது. யார் செய்த புண்ணியமோ என்று கமராவை முடுக்கினான். இரண்டு நிமிடம் கழித்து, கமராத் திரையில், பழுப்பேறிய கொழும்பு வானத்துக்கு நடுவே மங்கலாக ஒரு சிவப்பு. நடுவில் கறுப்பு வடு. கரீனா! இரண்டாவது படம். மூன்றாவது. நட்சத்திரங்கள் எல்லாம் புள்ளி புள்ளியாக, ஒரு பிசிறில்லை. அது கட்டடத்துக்குப் பின்னால் மறைய இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. ஐம்பது இல்லாவிட்டாலும் நாற்பது படமாவது தேறும் என்று கணக்குப் போட்டான்.

ஒன்பதாவது படம் ஓடும்போது பௌஸி ஹாஜியார் இருட்டில் தடவித் தடவி மேலே வந்தார். டோர்ச் அடிக்கவில்லை. கையில் ஒரு கோப்பை பிளேன்டீ.

"சஹ்லா சொன்ன," என்றார் மெதுவாக. "மன்னிச்சிக்கோங்க மகன். எனக்கு தெரியா. லைட் நிப்பாட்டச் சொன்னன், நிப்பாட்டினாங்களா?"

"நீங்களா மாமா? நீங்க சொன்னா அவங்க கேப்பாங்களா?"

"கேக்காம?" அவர் கோப்பையை அவன் கையில் கொடுத்தார். "நாளைக்கு சாப்பாட்டுல சொல்லோணும் எண்டு வெச்சிருந்த. சஹ்லாக்கும் தெரியா. மகளுக்கு ஒரு வீடு குடுக்காம மூணு வருஷமா ஒங்கட மொகத்த பாக்க வெக்கம், மகன். நீங்க ஒருநாளும் கேட்டதில்ல. அங்க ஏழாவது மாடி ஒங்களுக்குத்தான். நாளைக்கு தட்டு போடுறாங்க."

கமரா டிக்கென்று மூடித் திறந்து பத்தாவது படத்தைத் தொடங்கியது.

"பெல்கனி கடல் பக்கம்," என்றார் அவர் உற்சாகமாக. "இனி பெறை பாக்க நீங்க மொட்டமாடிக்கு ஏறத் தேவல்ல."

"அங்க... மொட்டமாடி, மாமா?"

"அது தண்ணி டேங்கிக்கு. பூட்டித்தான் வெப்பாங்க."

அவர் அவனைக் கட்டிப் பிடித்தார். அவருடைய கன்னம் ஈரமாக இருந்தது. அவர் மேல் கோபப்பட அவனுக்கு முடியவில்லை. கோபம் போகவும் இல்லை. "ஜஸாகல்லாஹு கைரன், மாமா," என்று அவர் தோளுக்கு மேலாகச் சொன்னான். நன்றியென்று மனதாரத்தான் சொன்னான். அப்படியே உட்கார்ந்து அழவும் வேண்டும் போலிருந்தது.

அவர் திரையைப் பார்த்து வாயைப் பிளந்தார். "சுபஹானல்லாஹ்! இதையா மகன் இவ்வளவு நாளும் தேடின? இத பெருசா அடிச்சி புது வீட்டு ஹோலுல மாட்டோணும். வாசலால வரக்கொள்ளயே தெரியிற மாதிரி. இது எங்க இரிக்கி?"

றிகாஸ் கையை நீட்டினான். ஆறாவது தட்டுக்கு மேலே, கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த வெற்றிடம்.

அவர் இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காகத் தொலைநோக்கிக்கு முன்னால் போய் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிமிர்ந்தார். திரையில் பதினோராவது படம் முழுக் கறுப்பாக வந்தது.

"மாமா," என்றான் றிகாஸ். குரல் உடைந்தது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்கிது."

பௌஸி ஹாஜியார் பதறிப்போய் விலகி, சாரத்தை மடித்துக்கொண்டு சுவரோரம் தரையில் குந்தினார்.

"இப்ப சரியா மகன்?" என்று கேட்டார்.