காயம்பட்டவனின் சனிக்கிழமை

"ஜூன்லயா கல்யாணம்? உனக்கென்ன பைத்தியமாடீ?" என்றேன்.

"ஜூன்லதான்க்கா லீத்தோட மாடுங்க கறவை நின்னு சும்மா இருக்கும். அடுத்த மாசம் கன்னு போட ஆரம்பிச்சா மனுஷனுக்குத் தூங்கக்கூட நேரமிருக்காது. ஊர் டீமுக்கும் அந்த வாரம் மேட்ச் இல்ல. வேற நாளே கிடையாது."

"சனிக்கிழமைடீ. சீசன் நடுவுல. ஜாரட் எப்படி வருவான்?"

"அத்தான்தான் முட்டி போய் சும்மா உக்காந்திருக்காரே! இந்த ஒரு வருஷமாவது நம்ம வீட்டு விசேஷத்துல தலையைக் காட்டட்டும். அவர் முகமே அம்மாவுக்கு டிவியிலதான் ஞாபகம் இருக்கு."

என் தங்கை மேவ் எங்கள் ஊர் கோலாக்கிலிருந்து போனில் இதைச் சொன்னது மார்ச் மாதத்தில். ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடுகிறவனைக் கட்டிக்கொள்ளும் பெண்கள், சீசன் முடிந்து அக்டோபரில்தான் கல்யாணத்தை வைப்பார்கள். பிள்ளை பிறப்பதைக்கூட நவம்பருக்குத் தள்ளப் பார்ப்பார்கள். மேவ் கட்டிக்கொள்ளப்போகும் லீத் பால் பண்ணைக்காரன். அவளுக்கு மாடுதான் கணக்கு. காயம்பட்டவன் சும்மா இருப்பவன் என்று அவள் நினைத்ததில் தப்பில்லை. இத்தனை வருஷம் இதற்குள்ளேயே வாழ்ந்த எனக்கும் அந்த நிமிஷம் அப்படித்தான் தோன்றியது.

என் கணவன் ஜாரட்டிடம் சொன்னதும், "போலாம்" என்றான். யோசிக்கவே இல்லை.

"கிளப்ல கேக்கணுமே?"

"நான் பாத்துக்கறேன், பிரைடி."

போன வருஷம் மே மாதத்தில் அவன் முட்டியின் தசைநார் முதல் முறை அறுந்தது. வெட்டித் தைத்து, மாதக்கணக்கில் பாடுபட்டுத் தேறி வந்தவனுக்குப் பிப்ரவரிப் பயிற்சியில் அதே முட்டி மறுபடியும் போனது. யாரும் மோதவில்லை. சும்மா திரும்பினான், விழுந்தான்.

ஆடாதவனுக்கு ஆடுகிறவனைவிட வேலை அதிகம். காலையில் எல்லோருக்கும் முன்னால் வரவேண்டும். சிகிச்சை முடிந்தபின்னும் மற்றவர்கள் போகும்வரை இருக்கவேண்டும். குடிக்கக்கூடாது. வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போகவேண்டும். நம் மைதானத்தில் மேட்ச் என்றால் கிளப் கோட்டுப் போட்டு, டை கட்டி வந்து, பணம் கொடுக்கும் பெரிய மனிதர்களின் அறைகளில் கைகுலுக்கி, "முட்டி எப்படிப்பா?" என்ற கேள்விக்கு முதல் முறை கேட்பதுபோலச் சிரிக்கவேண்டும். கேமரா எப்போது தன் பக்கம் திரும்பும் என்று தெரியாததால் மேட்ச் முழுக்க முகத்தைச் சரியாக வைத்திருக்கவேண்டும். ஜாரட்டின் ஒப்பந்தம் இந்த வருஷத்தோடு முடிகிறது. இன்னொரு வருஷம் கொடுப்பதா என்பதைக் காலைப் பார்த்து முடிவு செய்ய வழியில்லை, அது இன்னும் ஓடவே தொடங்கவில்லை. ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அவன் ஆட மிச்சமிருந்த ஒரே ஆட்டம் அந்த நடத்தைதான்.

அதை அவன் குறையில்லாமல் ஆடினான். ஆனால் ஜெயித்த நாட்களில் வீட்டுக்கு வந்தால் காரை விட்டு இறங்க நேரமாகும். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். டையைக்கூடத் தளர்த்தாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். தோற்ற நாட்களில் நேராக உள்ளே வந்து, "என்ன சாப்பாடு?" என்பான். எனக்கு அது புரியவில்லை. ஆற்றாமை என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று காலையில் கோலாக் சாலையில் கார் போய்க்கொண்டிருந்தபோதுதான் கேட்டேன். "லீவு கொடுத்துட்டாங்கதானே?"

"வயித்துப்போக்குன்னு மெசேஜ் அனுப்பிட்டேன்."

"ஜாரட்!"

"கடைசி இடத்துல இருக்கற டீமோட மேட்ச், பிரைடி. நான் இல்லாமலே ஜெயிச்சுடுவாங்க."

"ஜெயிக்கறது இருக்கட்டும். கேட்டிருந்தா விட்டிருப்பாங்களே. மச்சினி கல்யாணம்னா யார் வேண்டாம்னு சொல்லப்போறாங்க?"

அவன் வைப்பரைப் போட்டான். வழியெல்லாம் மழை. திரும்பிப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்து, மேவின் முகத்தை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

தேவாலயம் முடிந்து விருந்து ஊர் ஃபுட்டி கிளப்பின் கூடத்தில். ஆட்டுக்கறி வறுவல், உருளைக்கிழங்கு, அம்மா சுட்ட பாவ்லோவா கேக். மதியம் முழுக்க ஆண்கள் மேஜைக்கடியில் போனை வைத்து ஜாரட்டின் டீம் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அய்யய்யோ, உங்காளுங்க வாங்கிக்கட்டிக்கறாங்களே!" என்று லீத்தின் சித்தப்பா கத்தினார். ஜாரட் மட்டும் திரும்பவில்லை. எலுமிச்சை சோடாவை வைத்துக்கொண்டு அம்மாவிடம் கன்றுக்குட்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

பிறகு லீத் ஆடும் ஊர் டீமின் பையன்கள், ஜெயித்தால் பாடும் தங்கள் டீம் பாட்டை ஆரம்பித்தார்கள். "மாப்பிள்ளையைத் தூக்குங்கடா!" என்று யாரோ கூவ, நான் ஓடித் தடுப்பதற்குள் ஜாரட் குனிந்து லீத்தைத் தோளில் ஏற்றிவிட்டான். இறக்கியதும் அத்தனை பேரும் தோள்மேல் கை போட்டு வட்டமாக நின்றார்கள். ஜாரட்டை இழுத்து நடுவில் சேர்த்துக்கொண்டார்கள். கோலாக் டீமின் பாட்டு அவனுக்கு ஒரு வரியும் தெரியாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாய்க்கு வந்ததைக் கத்தினான். யாரோ அவன் தலையில் பீரைக் கொட்டினார்கள். ஒரு வருஷமாக நான் பார்க்காத முகம் அது.

அதை ஒரு சின்னப் பெண் போனில் எடுத்தாள். ஞாயிறு மதியத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது. கிளப் கடைசி இடத்து டீமிடம் பதினோரு கோல் வித்தியாசத்தில் தோற்ற அதே மதியத்தில், வயிற்றுப்போக்கில் படுத்திருக்கவேண்டியவன் பீரில் நனைந்து ஆடுகிறான். 'முட்டி மட்டும்தான் ரிப்பேர், வாய் நல்லாருக்கு' என்று ஒருவன் எழுதியிருந்தான். 'எங்க சந்தாக் காசுல கூத்தடிக்கிறான்' என்று இன்னொருவன்.

இந்த மாதிரி விஷயத்தை எங்கள் கிளப்பில் முதலில் விசாரிப்பது நிர்வாகமல்ல. வீரர்களே தேர்ந்தெடுத்த மூத்த வீரர் குழு. அவர்கள் சொல்வதை நிர்வாகம் தட்டாது. செவ்வாய் காலை கூடுவதாக இருந்தது. திங்கள் மதியம் கேப்டன் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தான்.

ஹேமிஷ் டோலண்ட். டோலி. ஜாரட்டும் அவனும் ஒரே வருஷம் கிளப்புக்கு வந்தவர்கள். பதினெட்டு வயதில் ஒரே வீட்டில் தங்கி, ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டவர்கள்.

"முட்டி வீங்கியிருக்கா, பைக்கி?" ஜாரட்டின் குடும்பப் பெயர் பைக், அதனால் எல்லோருக்கும் அவன் பைக்கிதான்.

"இல்ல."

"ஆளைத் தோள்ல தூக்கிக்கிட்டு குதிச்சிருக்க. டாக்டர் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பாத்தாரு. கடைசியில என்ன சொன்னாரு தெரியுமா? 'எதிர்பார்த்ததைவிட நல்லாத் தாங்குது'ன்னாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டோலியும் சிரித்தான். ஜாரட் சிரிக்கவில்லை. நான் டீ போட்டு மூவருக்கும் வைத்தேன்.

"மச்சான், கேளு," என்றான் டோலி. "நாளைக்கு நீ வந்து சொல்லவேண்டியது இவ்வளவுதான். காலையில நிஜமாவே வயிறு சரியில்ல. மதியம் தேவலாம்போல இருந்துச்சு, பொண்டாட்டி வீட்டு விசேஷம்னு போன. அங்க ரெண்டு உள்ள போச்சு, தலை சுத்திருச்சு. அவ்வளவுதான். பசங்க ஒரு மாசம் விடியக்காலையில உன்னை நீச்சல்குளத்துல போட்டு எடுப்பாங்க. அதோட விஷயம் முடிஞ்சுது. ஒப்பந்தம் பத்தி நான் பேசிக்கறேன்."

"நான் குடிக்கல, டோலி."

"அதுதான்டா பிரச்சினையே! குடிச்சிருந்தா மன்னிச்சுடலாம். எல்லாருமே ஒரு நாள் குடிச்சு மாட்டினவங்கதான். தெளிவா இருந்துக்கிட்டே எங்களை விட்டுட்டுப் போனேன்னா, அதை நான் என்னன்னு சொல்றது?"

ஜாரட் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு பொய்யைச் சொல்லிவிடேன் என்று எனக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. இந்த வீடு, இன்னொரு வருஷம், அவன் மறுபடி ஓடும் ஒரு நாள், எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு அப்பால்தான் இருந்தது. "சொல்லிடேன் ஜாரட்," என்றேன். "யாருக்கு என்ன நஷ்டம்?"

"முடியாது."

டோலி எழுந்து ஜன்னலருகே போனான். அவன் குரல் மாறியிருந்தது. "ரெண்டு பசங்க என்ன சொல்றானுங்க தெரியுமா? பைக்கிக்கு இனிமே ஒண்ணும் ஒட்டாது, மனசளவுல போயிட்டான்னு. நான் சண்டை போட்டுட்டு வந்திருக்கேன். ஏன் போனே? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே அனுப்பி வெச்சிருப்பேனே!"

"அனுப்பியிருப்பே. அடுத்த வாரம் வரச் சொல்லியிருப்பே. அடுத்த வாரம் ஜெயிப்பீங்க."

"ஜெயிச்சா என்னடா? உனக்குச் சந்தோஷம் இல்லையா?"

ஜாரட் நிமிர்ந்தான். "ஜெயிச்சதும் பாட்டுப் பாட நீங்க உள்ள வட்டமா நிக்கறீங்க. ஆடினவங்க மட்டும். நாங்க காயம்பட்டதுங்க கோட்டுப் போட்டுக்கிட்டுச் சுவரோரம் நின்னு கைதட்டறோம். எனக்கு உங்க முதுகு மட்டும்தான் தெரியும். யார் முதுகுன்னு நம்பரைப் பார்க்காமலே இப்ப சொல்லிடுவேன்."

"அது காலங்காலமா அப்படித்தானே, மச்சான். ஆடினவனுக்குத்தான் பாட்டு. நாமளும் மத்தவனை அப்படித்தானே நிக்க வெச்சோம்."

"ஆமா. நானும்தான் நிக்க வெச்சேன். திரும்பிக்கூடப் பார்த்ததில்ல. சனிக்கிழமை கண்டிப்பா ஜெயிப்பீங்கன்னு நெனச்சேன். அந்த ரூமுக்குள்ள இன்னொரு தடவை போக முடியலடா. அதான் ஓடினேன்."

டோலி அவனையே பார்த்தான். "தோத்தோம்டா," என்றான் மெல்ல. "பாட்டே இல்ல. வந்திருந்தா ஒருத்தனும் உன்னை வெளிய நிறுத்தியிருக்க மாட்டான். எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டு ஒண்ணாத்தான் இருந்தோம்."

ஜெயித்த நாட்களில் காருக்குள் அவன் ஏன் அப்படி உட்கார்ந்திருந்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வெளியே வேலிக்குப் பின்னால் பக்கத்து வீட்டு நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. ஜாரட்டின் கை மேஜைமேல் விரிந்து கிடந்தது. நான் அதன்மேல் என் கையை வைத்தேன். சில்லிட்டிருந்தது.

"நாளைக்கு வரேன்," என்றான். "பொய் சொன்னேன்னு சொல்லுவேன். நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரி. ஒப்பந்தம் இல்லேன்னாலும் சரி. சீசன் முடியற வரைக்கும் ஒரு மேட்ச் விடாம வருவேன்." அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான். "ஆனா டோலி..."

"சொல்லு."

"அடுத்த தடவை ஜெயிக்கும்போது, பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவை திரும்பிப் பாரு. கையைக் கொஞ்சம் தூக்கி வழி விட்டு, என்னையும் உள்ள இழுத்துக்கடா."