செவ்வாய்க்கிழமைக் குரல்

கெபுவேலிக்குத் தன் குரல்மேல் கொஞ்சம் அதிகமாகவே பிரியம் உண்டு. தேவாலயத்தில் அவன் அடித்தொண்டையில் பாடினால் பெஞ்சு அதிரும் என்பார்கள். யாராவது அப்படிச் சொல்ல மறந்தால் அவனே நினைவுபடுத்துவான். ஆஸ்பத்திரியில் அவனுக்குச் சுகாதார அலுவலர் வேலை. செவ்வாய்க்கிழமை காலை ரேடியோவில் புற்றுநோய் பற்றிப் பேச ஆள் வேண்டும் என்றபோது மற்றவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவன் மட்டும் புதுச் சட்டை தைத்துக்கொண்டான். ரேடியோவில் சட்டை யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று அவன் மனைவி சிலியா சிரித்ததற்கு, "குரல்ல தெரியும்" என்றான்.

பேச்சு நல்ல பேச்சுதான், அதில் குறை சொல்ல முடியாது. மார்பில் கட்டி தட்டுப்பட்டால் வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள் என்பான். யாரைக் கூப்பிட வேண்டும், வெளித்தீவுகளில் இருந்து வருகிறவர்களுக்குக் கப்பல் டிக்கெட் யார் தருவார்கள், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கூட வருகிறவர்கள் தங்கும் வீடு எது, பயமாக இருந்தால் யாரிடம் அழலாம் என்று ஒன்று விடாமல் சொல்வான். சாயங்காலம் கவா வேர்ச் சாறு குடிக்க உட்காரும் ஆண்கள், "இன்னிக்குப் பிரமாதம்டா" என்று தேங்காய் ஓட்டுக் கிண்ணத்தை நீட்டுவார்கள். சந்தையில் பெண்கள் மட்டும் அதைப் பற்றி வாய் திறக்கவே மாட்டார்கள். அது வெட்கம் என்று கெபுவேலி எடுத்துக்கொண்டான். வருஷக்கணக்கில் அப்படியே எடுத்துக்கொண்டான் என்பதுதான் கொடுமை.

ஹாபாய் தீவில் இருந்து அவன் தங்கை லெசியேலி கப்பலில் வருகிறாள் என்று தகவல் வந்த அன்று, சிலியா வாசலில் நின்று, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "உங்க தங்கச்சிக்கு உடம்புக்கு முடியல. அவ பொண்ணு கலோ கூட்டிட்டு வர்றா. உங்க ஆஸ்பத்திரிக்குத்தான். என்ன வியாதின்னு நான் சொல்லல."

சொல்லல என்ற சொல்லிலேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

எங்கள் தீவுகளில் அண்ணன் தங்கை மரியாதை விளையாட்டுக் காரியம் இல்லை. மீசை அரும்பியதும் பையன் தங்கை இருக்கும் வீட்டில் படுக்க மாட்டான். அவள் காதுபட அவன் கேலி பேசக்கூடாது, உடம்பைப் பற்றிய பேச்சை எடுக்கவே கூடாது. டிவியில் ஒரு முத்தம் வந்தால் இருவரில் ஒருவருக்கு உடனே தாகம் எடுக்கும். தங்கைதான் உசத்தி; அவள் பிள்ளைகள் மாமன் வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகலாம், என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். லெசியேலியின் மகள் கலோ அந்த உரிமையில் ஒரு துளியையும் வீணாக்கியவள் இல்லை. கப்பலை விட்டு இறங்கியதுமே மாமனின் கறுப்புக் கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள். அதற்குள்ளே அவள் கண் அழுது வீங்கியிருந்தது.

லெசியேலியை இரண்டு பெண்கள் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மரியாதைக்காக எல்லாரும் உடைமேல் கட்டும் இடுப்புப் பாயை மார்புவரை ஏற்றிச் சுற்றியிருந்தாள். கெபுவேலி துறைமுகச் சுவர் ஓரமாகவே நின்று தலையை மட்டும் அசைத்தான். அவளும் அசைத்தாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் விசாரிப்பு.

கத்தி வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சிலியாவிடம் சொன்னார். இனி நிம்மதியாக வைத்துக்கொள்ளத்தான் முடியும் என்றார். கெபுவேலியின் வீட்டுப் பெரிய அறையில் லெசியேலிக்குப் பாய் விரித்தார்கள். அவன் தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கச் சமையல் கொட்டகைக்குக் குடிபோனான்.

அங்கேதான் அவனுக்குக் கோபம் பொங்கியது. துக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாத ஆண்பிள்ளைக்குக் கோபம்தானே கைக்கு எட்டும்? சேப்பங்கிழங்கு எடுக்க வந்த கலோவை மறித்துக்கொண்டான்.

"வாரா வாரம் தொண்டை கிழியக் கத்தறேன். நாடே கேக்குது. உங்க வீட்ல ரேடியோ இல்லையா?"

"இருக்கு மாமா. நீங்க வாங்கி அனுப்பினதுதான்."

"ரிப்பேரா?"

"நல்லாத்தான் பாடுது. உங்க குரல் வந்ததும் அம்மா அணைச்சிடுவாங்க."

அவன் மறித்த கையை எடுத்துக்கொண்டான்.

"ஒரு தடவை நான் திருப்பிப் போட்டேன். முதுகுல பளார்னு ஒண்ணு விழுந்துச்சு. 'அது உன் மாமா குரல்டி! அந்தப் பேச்சை அந்தக் குரல்ல நான் எப்படிக் கேப்பேன்? அவரை நான் அவமானப்படுத்தணுமா?'ன்னாங்க."

"உங்கம்மா ஒருத்தி..."

"அம்மா ஒருத்தியா? காலைல எல்லா வீட்லயும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சின்னு ஒண்ணா உக்காந்து ரொட்டி திங்கற நேரம் மாமா அது. அதுல ஒரு ஆம்பளை குரல் வந்து 'மார்பு'ன்னு ஆரம்பிச்சா? எங்க தெருவுல அந்த நேரம் நடந்து போயிருக்கீங்களா? ஒவ்வொரு ரேடியோவா வாயை மூடிக்கும்."

"ஏன் ஒருத்தரும் என்கிட்ட சொல்லல?"

"யாரு சொல்லுவா? அதைச் சொன்னாலும் அந்தப் பேச்சுதானே?" கலோ கிழங்கை எடுத்துக்கொண்டாள். கூடவே அவன் ஒளித்து வைத்திருந்த பிஸ்கட் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கெபுவேலி கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டான். ரேடியோ விஷயம்கூட அவனை அந்த அளவுக்கு அறுக்கவில்லை. அதற்கு அடியில் வேறொன்று கிடந்தது. போன கிறிஸ்துமஸுக்கு லெசியேலி வந்திருந்தபோது, அவள் ஊர் திரும்பிய மறுநாள், சிலியா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏங்க, லெசியேலி இடது கையைத் தூக்கவே மாட்டேங்கறா. துணி மாத்தும்போது நான் பார்த்தேன், அவ..." என்று ஆரம்பித்தாள். அவன் சடாரென்று எழுந்தான். "என் தங்கச்சியைப் பத்தி என்கிட்ட என்ன பேசறே நீ?" என்று வெளியே போய்விட்டான். சிலியா விடவில்லை. பின்னாலேயே வந்து, "சரி, உங்ககிட்ட பேசல. நான் ஒரு நடை ஹாபாய் போய் அவகிட்ட மட்டும் கேட்டுட்டு வரட்டுமா?" என்றாள். அவன் என்ன சொன்னான் என்பது அவனுக்கு ஒரு எழுத்து பிசகாமல் ஞாபகம் இருந்தது. "அவ ரேடியோ கேப்பா. நான்தான் எல்லாம் சொல்றேனே. அவளைப் போட்டுச் சங்கடப்படுத்தாதே."

லெசியேலி ரேடியோவில் அவன் குரலை அணைத்தாள். அவன் சிலியாவின் குரலை அணைத்தான். அவள் அணைத்தது அவனுக்கு மரியாதை. தான் அணைத்ததற்கு என்ன பேர் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கிறிஸ்துமஸில் கத்தி வைத்திருக்கலாம். அதை மட்டும் அவன் நன்றாக அறிவான். வாராவாரம் ஊருக்கு அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்.

நாள் போகப்போக லெசியேலிக்கு வலி கூடியது. நர்ஸ் வந்து கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கேன்" என்று சிரிப்பாள். நர்ஸ் தலை மறைந்ததும் பாயின் ஓரத்தைக் கடித்துக்கொள்வாள். கலோ அந்தப் பாயைச் சிலியாவிடம் காட்டினாள், ஓரம் எல்லாம் நார் நாராகப் பிரிந்திருந்தது. சிலியா பக்கத்தில் உட்கார்ந்து வலி மருந்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "அண்ணன் வீட்ல வந்து படுத்துக்கிட்டு முனகினா நல்லாவா இருக்கும் அண்ணி? அந்த மருந்து கடைசிக்குத்தானே குடுப்பாங்க" என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

சிலியா கொட்டகைக்கு வந்தாள். "நான் நேர்ல சொன்னா நாத்தனாருக்குப் புத்தி சொன்ன மாதிரி ஆயிடுது. ரேடியோ யார் முகத்தையும் பார்க்காது. அதுல சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரி. செவ்வாய்க்கிழமை நான் பேசட்டுமா?"

"இனிமே எல்லாச் செவ்வாயும் நீதான் பேசணும்" என்றான் கெபுவேலி. ஆஸ்பத்திரி ஆபீசில் போய்க் கேட்டபோது, எதிர்ப்பு வரும் என்று பெரிய வாதமே தயார் செய்து வைத்திருந்தான். அவர்கள் உடனே சரி என்றார்கள். அந்த அவசரம் அவனுக்குச் சுருக்கென்றது.

"என்ன பேசப்போறே?" என்று அவளிடம் கேட்டான்.

"வலியைப் பத்தி. மருந்து கேக்கறதைப் பத்தி. அதுக்கு மேல உங்களுக்கு வேண்டாம். அது உங்க தங்கச்சிக்கு."

செவ்வாய்க்கிழமை காலை சிலியா நல்ல இடுப்புப் பாயைக் கட்டிக்கொண்டு, பூச்சூடி, ரேடியோ நிலையத்துக்குப் போனாள். கெபுவேலி வேலைக்குப் போயிருக்க வேண்டியவன். போகவில்லை. பெரிய அறையின் ஜன்னலுக்கு வெளியே ஈரப்பலா மரத்தடியில், தேங்காய் துருவுகிற சாக்கில் உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு இரண்டு ஆசை. மனைவி எப்படிப் பேசுகிறாள் என்று கேட்க வேண்டும். தங்கை கேட்கிறாள் என்பதைத் தன் காதால் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்காது என்பது அந்தப் பெரிய மண்டையில் ஏறவே இல்லை.

உள்ளே கலோ ரேடியோவைப் போட்டாள்.

"நான் சிலியா பேசறேன்," என்று வந்தது குரல். கொஞ்சம் நடுங்கியது, பிறகு தெளிந்தது. "அடுப்பு வேலையை விடவேண்டாம், கிளறிக்கிட்டே கேளுங்க. மார்புல நோவு வந்து படுத்திருக்கறவங்களுக்காக இன்னிக்கு..."

டக்கென்று ரேடியோ நின்றது.

"ஏம்மா? அத்தைதானே பேசறாங்க!" என்றாள் கலோ.

லெசியேலியின் குரல் தாழ்ந்து வந்தது. "மாமா வெளியில இருக்காருடி. தேங்காய்ச் சத்தம் கேக்கல?"

கெபுவேலியின் கை துருவியில் அப்படியே நின்றது. அவன் அங்கே உட்கார்ந்திருக்கும்வரை அவளால் ஒரு வார்த்தை கேட்க முடியாது. நிகழ்ச்சியோ குட்டி நிகழ்ச்சி. அறிவிப்பும் பாட்டும் போக அதில் பேச்சு கொஞ்சம்தான். அது அவனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

"கலோ! நான் டவுனுக்குப் போறேன்!" என்று கத்திக்கொண்டே வாசலில் நின்ற தன் வேனில் ஏறிச் சாவியைத் திருகினான். வேன் இருமியது. மறுபடி திருகினான். மறுபடி இருமிவிட்டுச் சும்மா இருந்தது. உள்ளே ரேடியோ இன்னும் வாயைத் திறக்கவில்லை. வேன் சத்தம் நகர்ந்தால்தான் அவள் நம்புவாள், வேனோ நகருவதாக இல்லை.

அவன் இறங்கினான். கதவை அறைந்து சாத்தினான். வேறு எதுவும் தோன்றாமல், இருந்த ஒரே சாமானை எடுத்தான். அடித்தொண்டையில் இருந்து ஒரு துதிப் பாட்டை எடுத்து, தெருவில் இறங்கி நடந்தான். பன்றிகள் சிதறி ஓடின. ஈரத்துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, "என்ன கெபுவேலி, இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா?" என்றாள். அவன் நிறுத்தவில்லை. பாட்டு எட்ட எட்டப் போவது ஜன்னலுக்குள் கேட்க வேண்டும், நான் போய்விட்டேன், போய்க்கொண்டே இருக்கிறேன், நீ கேளு என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அழுகை நடுவில் வந்து சுருதியைக் கெடுத்தது. அதையும் பாட்டாகவே பாடிக்கொண்டு போனான்.

தெருவில் வீட்டுக்கு வீடு சிலியாவின் குரல் கேட்டது. ஒரு ரேடியோவும் வாயை மூடவில்லை. ஒரு வாசலில் ஒருவன் ரொட்டித் துண்டோடு வெளியே வந்து, உள்ளே இருக்கும் அக்காவுக்கு இடம் விட்டு, தெருவைப் பார்த்து நின்று மென்றுகொண்டிருந்தான். இவ்வளவு சுலபமா இது என்று கெபுவேலி தன்னையே கேட்டுக்கொண்டான். ஒரு பெண் பேசியிருந்தால் போதும், ஆண்கள் எழுந்து வெளியே போயிருந்தால் போதும். தேவாலய முக்குவரை போய், அங்கே படியில் உட்கார்ந்தான். தன் வீட்டு ரேடியோ பேசியதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவனுக்கு வழியே இல்லை.

மதியம் வரை அவனுக்குத் திரும்பிப் போகத் தைரியம் வரவில்லை. வந்தபோது நர்ஸின் சைக்கிள் வாசலில் சாய்ந்திருந்தது. வீடு சத்தமில்லாமல் இருந்தது. அவன் நேரே கொட்டகைக்குப் போய் அடுப்பைக் கிளறுவதுபோல் உட்கார்ந்தான். கலோ வந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவன் சட்டைப் பையில் சொருகினாள். அவள் எதையாவது திருப்பிக் கொடுத்து அவன் அன்றுதான் பார்த்தான்.

"அம்மா மருந்து கேட்டாங்க மாமா. அவங்களே வாய்விட்டுக் கேட்டாங்க. இப்பத் தூங்கறாங்க, பாயைக் கடிக்காம."

கெபுவேலி தலையை ஆட்டினான்.

"தூங்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒண்ணு சொல்லச் சொன்னாங்க."

"என்ன?"

"நீங்க பாட்டுல சுருதி விட்டீங்களாம்." கலோ சிரிக்கப் பார்த்தாள், முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அப்புறம், 'அண்ணி எவ்வளவு நல்லாப் பேசறா. இத்தனை வருஷமா அவளை ஏன் அடுப்படியிலேயே வெச்சிருந்தாருன்னு உங்க மாமாவைக் கேளு'ன்னாங்க."

அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கலோ பதிலுக்காகக் காத்திருந்தாள். உள்ளே போய்ச் சொல்ல அவளுக்கு ஒரு பதில் வேண்டும். எந்தத் தீவில் யார் கேட்டாலும் பதில் சொல்லும் அந்தக் குரலில், அன்று அவளுக்குக் கொடுக்க ஒரு சொல்லும் இல்லை.