மூலையில் ஒரு நீலத் துண்டு

அண்ணன் இறந்த மாதமே அண்ணி அவருடைய ஏழு சட்டைகளைக் கொண்டுவந்து, ஒட்டுத்துணிப் போர்வையாகத் தைத்துத் தரச் சொன்னார். ஊருக்கே தைக்கிறவள் நான். பத்து நாளில் முடித்திருக்கலாம். சதுரம் சதுரமாக வெட்டிப் பையில் போட்டதோடு சரி. அண்ணி கேட்கும்போதெல்லாம், "ஓரம் மட்டும்தான் பாக்கி" என்று எட்டு வருஷம் வாய்கூசாமல் சொல்லிவந்தேன்.

போன வாரம் ஒருவழியாக உட்கார்ந்தபோது ஒரு நீலக்கட்டத் துண்டு குறைந்தது. தேடினால், தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைக்கிற துணியாக அது டிராயரில் கிடந்தது. என்றைக்கு அதை எடுத்தேனோ, பாவி. மூன்று தடவை சோப்புப் போட்டும் கறை முழுதாகப் போகவில்லை. மூலையில் வைத்துத் தைத்துவிட்டேன்.

அண்ணி போர்வையை மடியில் விரித்து, ஒவ்வொரு துண்டாகத் தடவினார். "இது பேனா கசிஞ்சது. இது நான் இஸ்திரி போடும்போது கருக்கினது." மூலைக்கு வந்ததும் விரல் நின்றது.

"பழைய கறை போல அண்ணி," என்றேன்.

"அவர் சட்டையை இருபது வருஷம் துவைச்சவ நான்," என்றார் அண்ணி. "இந்தக் கறை அவரோடது இல்லம்மா."