அக்காவுக்கு முதல் கடி

இந்தக் காலத்தில் எதைக் கையில் எடுத்தாலும் அது ஆகாது, இது சேராது என்று சொல்ல ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. பால் ஆகாதாம், வெயில் ஆகாதாம், தூசி ஆகாதாம். குழாய் வேலை பார்க்கும் கிழவருக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ‘தண்ணியை மூடிட்டேன், நீங்க கழற்றுங்க’ என்று எவனோ சொன்னதை நம்பித் தலையோடு நனைந்த மனுஷன். அதற்கப்புறம் பெற்ற மகள் சொன்னாலும் முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் காதில் வாங்குவார்.

மகள் துணிக்கடையில் வேலை செய்கிறாள். பள்ளிக்கூட லீவு விட்டால்தான் அங்கே கூட்டம் நெட்டித் தள்ளும். பிள்ளைகள் இரண்டையும் அப்பா வீட்டில் விட்டுவிட்டு வாசலில் நின்று சொன்னாள்.

“அப்பா, சின்னவனுக்குக் கடலை ஆகாது. தொண்டை அடைச்சுக்கும். மறந்துடாதீங்க.”

“கடலை தின்னு செத்தவன் எவன்டி?”

“டாக்டர் சொன்னாருப்பா.”

“அவனுக்கென்ன, வாய் இருக்கு, சொல்லுவான்.”

ஆனாலும் பேக்கரியில் க்ரீம் கேக் வாங்கும்போது கேட்கத்தான் செய்தார். “கடலை கிடலை போட்டிருக்கியா?” கடைக்காரன், “சேச்சே, சுத்த மைதா பெரியவரே,” என்றான்.

வீட்டில் பெட்டியைத் திறந்ததும் பேத்தி முதல் ஆளாக ஒன்றை எடுத்துக் கடித்தாள். தம்பி கை நீட்டினான். “இருடா,” என்று கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மென்றாள்.

“ஏய், அவனுக்கு எச்சிலையா கொடுக்கப் போற?”

“பார்த்துட்டுத்தான் தாத்தா கொடுக்கணும்.”

“எப்பவும் க்ரீம் இருக்கிற பக்கமாப் பார்த்துக் கடிக்கிறா தாத்தா!” தம்பிக்காரன் நேரம் பார்த்துப் பற்றவைத்தான்.

“நல்ல சாக்குடி இது! அவன் பங்கையும் சேர்த்து முழுங்க வழி கண்டுபிடிச்சு வச்சிருக்கே. இந்தாடா, நீ முழுசாத் தின்னு.”

பையன் வாயைத் திறந்தான். அவள் பாய்ந்து வந்து தட்டிவிட்டாள். கேக் தரையில் கவிழ்ந்து அப்பிக்கொண்டது. கிழவர் கையை ஓங்கிவிட்டார். அவள் நகரவில்லை. வாயிலிருந்ததை உள்ளங்கையில் துப்பி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“கடலை!”

பழுப்பாக ஒரு பொடித் துணுக்கு. முகர்ந்து பார்த்தார். கடலை வாசம்தான். ஓங்கிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

“டேய், வாயில பட்டுச்சா?”

“படவே இல்ல!” கேக் போன துக்கத்தில் அவன் ஓலமிட்டான்.

கிழவர் நம்பவில்லை. வாயைப் பிளந்து பார்த்தார், உதட்டைத் துடைத்தார், கையைத் தேய்த்துக் கழுவினார். அவன் அழுது முடித்து வழக்கம்போல மூச்சு விடுவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளைகள் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு பெட்டியோடு கடைக்குப் போனார்.

“ஏன்யா, கடலை இல்லேன்னு வாய் கூசாமச் சொன்னியே?”

கடைக்காரன் விழித்தான். “கடலைமாவைக் கேக்கறீங்கன்னு நினைச்சேன் பெரியவரே. இதுல இருக்கிறது வேர்க்கடலைத் தூள்.”

“அப்போ வேர்க்கடலை என்ன, உன் மாமியார் வீட்டுக் கடலையா? பிள்ளை தொண்டை அடைச்சு விழுந்திருந்தா, மாவுன்னு நினைச்சேன், தூள்னு நினைச்சேன்னு எவன்கிட்டடா சொல்லுவே?”

கேக் வாங்க நின்ற பெண்மணி கையிலிருந்த பெட்டியை மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டாள். கடைக்காரனுக்கு முகம் சுண்டியது.

“சத்தம் போடாதீங்க. ஒண்ணும் ஆகலையே. இந்த பன்னை வச்சுக்கங்க, இதுல சத்தியமா எதுவும் இல்ல.”

பேத்தி கை நீட்டினாள். கிழவர் அவளைப் பின்னால் இழுத்தார்.

“உன் சத்தியத்தை நீயே தின்னு. இவ வாய் என்ன உனக்குச் சோதனைச்சாலையா?”

பெட்டியை மேசையில் அறைந்துவிட்டுப் படி இறங்கினார்.

“எனக்கு அப்போ என்ன தாத்தா?” என்றான் சின்னவன்.

“வாழைப்பழம். அதுல எவன் கையும் படாது.”

கடைக்காரன் பின்னாலிருந்து காசைத் திருப்பித் தருவதாகக் கூப்பிட்டான். அவர் திரும்பவில்லை. இத்தனூண்டு துணுக்கு ஆளைச் சாய்க்குமாம். எவன் நம்புவான்? அந்த டாக்டரை ஒருநாள் நேரில் பார்த்துக் கேட்க வேண்டும் என்று முனகிக்கொண்டே நடந்தார்.