பொது மேலாளருக்கு முழு அதிகாரம்

தக்கலையில் ஓடிக்கொண்டிருந்த அந்த உள்ளூர் கேபிள் சேனலுக்குப் பொது மேலாளராக முத்துநாயகத்துக்கு இரண்டு தகுதிகள் இருந்தன. சவூதியில் தம்மாம் ஊரில் சிமெண்ட் கிட்டங்கியில் சூப்பர்வைசராக இருந்தது ஒன்று. முதலாளி குமாரதாஸின் அக்காளைக் கட்டியிருந்தது மற்றொன்று. முதல் தகுதியைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

2009இல் சேனலுக்கு ஒரு சர்வர் வாங்கினார்கள். அதுவரை பென் டிரைவில் அறை அறையாக நடந்துகொண்டிருந்த படங்கள் இனி ஒரே இடத்தில் இருக்கும். சிஸ்டம் பார்க்கும் பிரிஜா அதில் செய்தி, விளம்பரம், வாழ்த்து, அஞ்சலி என்று ஃபோல்டர்கள் திறந்து, ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்து, யார் எதைத் தொடலாம் என்று பிரித்து வைத்தாள். வாழ்த்தில் ஒரு படத்தைப் போட்டால் பலூன் பறக்கும். அஞ்சலியில் போட்டால் கறுப்புக் கரையும் குத்துவிளக்கும் சோக வயலினும் தானாகச் சேர்ந்து, கொஞ்ச நேரத்தில் டிவியில் ஓடும். அதனால் அந்த இரண்டிலும் அவளும் விளம்பரம் பார்க்கும் டெல்சியும் மட்டுமே கைவைக்க முடியும். மற்றவர்கள் பார்க்கலாம்.

இந்தப் 'பார்க்கலாம்' முத்துநாயகத்தின் நெஞ்சில் தைத்தது. வேலை எதுவும் இல்லாத ஒரு நாள், அதாவது வழக்கமான ஒரு நாள், வாழ்த்து ஃபோல்டரில் ஒரு படத்தின் பெயரை மாற்றிப் பார்த்தார். உங்களுக்கு அனுமதி இல்லை என்று கம்ப்யூட்டர் இங்கிலீஷில் சொன்னது. தம்மாமில் அரபி முதலாளிகூட அவரிடம் இப்படி முகத்தில் அடித்தாற்போல் பேசியதில்லை. பேசியிருந்தாலும் அவருக்குப் புரிந்திருக்காது.

"இதென்ன கூத்து பிரிஜா? ஜெனரல் மேனேஜருக்கு அனுமதி இல்லியாம்."

"பாக்கலாம் சார். எல்லாம் தொறக்கும். மாத்தத்தான் முடியாது."

"பாத்துட்டு இருக்கதுக்கு நான் என்ன வாச்மேனா?"

"தெரியாம கை பட்டா நேரா டிவில போயிரும் சார். அதுக்காக்கும்."

"டெல்சிக்க கைக்கு உண்டு, எனக்க கைக்கு இல்ல. அப்படித்தானே?"

விஷயம் வீட்டுக்குப் போனது. அங்கிருந்து அக்காளின் குரலில் குமாரதாஸின் செல்போனுக்கு வந்தது. மறுநாள் அவர் பிரிஜாவைக் கூப்பிட்டார். "அத்தானுக்கு என்ன வேணுமோ குடுத்திரு மக்கா. ஒரு டிக் அடிக்கதுல நமக்கு என்ன போச்சு?"

பிரிஜா மெயின் ஃபோல்டரிலேயே முத்துநாயகத்தின் பெயருக்கு நேரே 'ஃபுல் கன்ட்ரோல்' என்பதை டிக் செய்தாள். உள்ளே இருந்த எல்லா ஃபோல்டருக்கும் அது தானாக இறங்கியது. பத்திரப்பதிவுக்குச் சாட்சி நிற்பவர்போல அவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டார்.

அதிகாரம் கிடைத்த பிறகு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. ஃபோல்டர்களைத் திறந்தார், மூடினார். அப்படியிருக்கையில்தான் பக்கத்துப் பேரூராட்சித் தலைவர் ராஜமணிக்குப் பிறந்தநாள் வந்தது.

"தலைவருக்க படத்த நான்தான் போடுவேன்" என்று டெல்சியை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்தார். மௌஸில் படத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வழியில் விரல் நழுவியது. இருந்த இடத்தில் படத்தைக் காணவில்லை என்பதால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று முடிவுசெய்து, எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார்.

பழம்பொரியைக் கடித்தபடி கடை டிவியை நிமிர்ந்து பார்த்தார். ராஜமணி கறுப்புக் கரைக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டிருந்தார். கீழே 'கண்ணீர் அஞ்சலி'. வயலின் உருக்கமாக அழுதது.

அவர் ஓடி வருவதற்குள் பிரிஜா படத்தை எடுத்துவிட்டாள். போன்கள் ஓயவில்லை. கொஞ்ச நேரத்தில் ராஜமணியே காரில் வந்து இறங்கினார். யாரோ கொண்டுவந்த மலர்வளையத்தை டிரைவர் தூக்கிக்கொண்டு நின்றான்.

"வைரஸ், தலைவரே" என்றார் முத்துநாயகம்.

ராஜமணி நிதானமாக நாற்காலியில் அமர்ந்தார். "படத்த எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"எவன் எடுக்கச் சொன்னான்? எலக்சன்ல எனக்கு எதிரா நின்னவன் வந்து எனக்க வாசல்ல நின்னு அழுதிருக்கான் பாத்துக்கிடும். மாடில நின்னு கேட்டேன், என்னப்போல நல்லவன் ஊர்லயே இல்லியாம். ஆனா எனக்க சொந்த மச்சினன இன்னும் காணல்ல. மத்தியானம் வரை ஓடட்டும். யாரெல்லாம் வரல்லன்னு பாப்போம்."

"உயிரோட இருக்கவங்களுக்கு நான் அஞ்சலி போடமாட்டேன் சார்" என்று பிரிஜா கீபோர்டைத் தள்ளிவைத்தாள்.

சத்தம் கேட்டு அங்கே வந்திருந்த குமாரதாஸ் யோசித்தார். தலைவர் தரும் ஒரு வருட விளம்பரத்தைப் பற்றி யோசித்திருக்கலாம். "அவ போடாண்டாம். அத்தானுக்குத்தான் ஃபுல் கன்ட்ரோல் உண்டே. நீங்க போடுங்க அத்தான்."

காலையில் தானாக நடந்த வேலை இப்போது நடக்க மறுத்தது. படம் முதலில் செய்தியில் போய் விழுந்தது. மூன்றாவது முயற்சியில் தலைவர் மீண்டும் காலமானார்.

மச்சினன் கடைசிவரை வரவில்லையாம். ராஜமணிக்கு அதில் பரம திருப்தி. சாயங்காலம் குமாரதாஸ் எல்லோர் முன்னாலும் அத்தானின் தோளில் தட்டினார்.

எல்லோரும் போன பிறகு முத்துநாயகம் பிரிஜாவிடம் மெதுவாக வந்தார். "அந்த டிக்க எடுத்திரு, கேட்டியா. எனக்குச் சும்மா பாத்தா போதும்."

"முதலாளி சொல்லணும் சார்."

"அவன்ட்ட சொல்லாண்டாம்."

"சொல்லாம எப்படி எடுக்க சார்?" அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

அந்த வாரத்திலேயே இரண்டு கவுன்சிலர்களும் ஒரு கூட்டுறவுச் சங்கத் தலைவரும் பொது மேலாளரைத் தனியாகக் கேட்டு போன் செய்தார்கள். அரை நாள் ஓடினால் போதுமாம். முத்துநாயகம் நெஞ்சுச்சளி என்று லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டில் போர்த்திப் படுத்தார்.