நெற்றியில் வைத்த கை

தேவர்சோலைப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா நான். காலை ஏழு மணிக்கு வாசலில் நின்று ஒவ்வொரு குழந்தையின் நெற்றியிலும் கை வைப்பேன். சூடிருந்தால் உள்ளே விடமாட்டேன். அம்மாக்காரி அழுதாலும் சரி, திட்டினாலும் சரி. தெர்மாமீட்டர் பொய் சொன்னாலும் இந்தச் சாந்தாமணி கை பொய் சொல்லாது என்று எனக்கு ஒரே பெருமை.

அன்றைக்கு வீரம்மா தன் இரண்டு வயது மகன் செல்லதுரையைத் தந்தபோது நெற்றி ஜில்லென்றுதான் இருந்தது. கழுத்தில் மட்டும் வியர்வை. அந்தக் குளிரில் ஏன் வியர்க்கிறது என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அவள் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய்விட்டாள்.

பதினோரு மணிக்குக் கஞ்சி ஊட்டினேன். விழுங்க முடியாமல் துப்பிவிட்டு அழுதான். தொட்டால் கை சுட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவசரத்தில் காய்ச்சல் சிரப்பை மூடியில் ஊற்றினேன். எதற்கும் டாக்டர் பார்க்கட்டும் என்று அதை அப்படியே வைத்துவிட்டு, மற்ற பிள்ளைகளைச் சமையல்காரியிடம் விட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். “சீழ் வெச்சிருக்கு. எப்ப இருந்து காய்ச்சல்?”

“காலையில நல்லாத்தானுங்க இருந்தான். நானே தொட்டுப் பாத்தனுங்க.”

“இது இன்னைக்கு வந்ததில்லைங்கம்மா. ஊட்டுல என்ன மருந்து குடுத்தாங்கன்னு தெரியோணும். அவங்கம்மாவைக் கூப்பிடுங்க.”

வீரம்மா வந்து சேர அரைமணி நேரம் ஆயிற்று. நர்ஸ் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிள்ளைக்கு ஜன்னி கண்டுவிடுமோ என்று நான் செத்துப் பிழைத்தேன்.

டாக்டர் கேட்டதும் வீரம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“மூணு நாளா காய்ச்சலுங்க. வெடியால எந்திரிச்சதும் சிரப் குடுத்து, சூடு எறங்குனதும் தூக்கிட்டு வந்துருவனுங்க. இன்னைக்கு ஒரு மூடிக்கு எறங்கல. இன்னொரு மூடி குடுத்தேன். வேலை பெர்மனன்ட் ஆக இன்னும் பதினோரு நாள்தானுங்க இருக்குது. நடுவுல லீவு போட்டா நாள் கணக்கு மறுபடி மொதல்ல இருந்து வரோணும்.”

நான் ஊற்றி வைத்துவிட்டு வந்த மருந்து ஞாபகம் வந்தது. கொடுத்திருந்தால் அது மூன்றாவது மூடி. டாக்டர் ஊசி போட்டு, இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லியிருந்தா உள்ள விட்டிருப்பீங்களாக்கா?”

விட்டிருக்கமாட்டேன். இதுவரை வாசலிலிருந்து எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். காய்ச்சல் பிள்ளையை வைத்துக்கொண்டு இன்றைக்கு என்ன செய்வாய் என்று ஒருத்தியைக்கூட நான் கேட்டதில்லை.